குளிரை எண்ணும் மொட்டு: இந்தியாவில் கிவிக் கொடியின் வரலாறு

சீனாவின் யிச்சாங் நகரிலிருந்து 1904இல் இசபெல் ஃபிரேசர் என்ற பள்ளித் தலைமையாசிரியை கொண்டுவந்த விதைகள், நியூசிலாந்தில் 1910 அளவில் காய்த்தன. ‘சீன நெல்லி’ எனப்பட்ட அப்பழம் 1959இல் ஏற்றுமதிச் சந்தைக்காகக் ‘கிவி’ ஆயிற்று. பெயரை மாற்றுவது எளிதாக இருந்தது. கொடியின் இயல்பை மாற்றுவது எளிதன்று என்பதை இந்திய வரலாறு காட்டுகிறது.

இந்தியாவில் கிவி முதன்முதலில் 1960இல் பெங்களூரு லால்பாக் பூங்காவில் நடப்பட்டது. கொடி வளர்ந்தது, காய்க்கவில்லை. 1963இல் சிம்லாவில் நடப்பட்ட கொடிகளோ 1969இல் காய்த்தன. இவ்விரு முடிவுகளையும் பிரித்தது குளிர்காலமே.

கிவி இலையுதிர்க் கொடி. இலைகள் உதிர்ந்தபின் மொட்டுகள் உறங்குநிலை அடைகின்றன. ஹேவர்ட் ரகத்திற்கு 7 பாகை செல்சியசுக்குக் கீழ் ஏறத்தாழ 700 முதல் 800 மணி நேரக் குளிர் வேண்டும். அது நிறைவுற்ற பின்னரே இளவேனில் வெப்பத்தில் மொட்டு சீராக விழிக்கும். முந்தைய ஆண்டுக் கிளையில் எழும் புதுத் தளிரிலேயே பூக்கள் தோன்றுவதால், மொட்டு விழிக்காத இடத்தில் காயும் இல்லை. ஆண்கொடியும் பெண்கொடியும் வேறுவேறு. இரண்டும் ஒருங்கே பூக்காவிடில் மகரந்தச் சேர்க்கையும் தவறும்.

குளிர் போதாத வெளிநாட்டுத் தோட்டங்களில் ஹைட்ரஜன் சயனமைடு என்னும் நச்சு வேதிப்பொருளைத் தெளித்து மொட்டுகளை எழுப்புகின்றனர். அருணாசலப் பிரதேசத்தின் சீரோ பள்ளத்தாக்கு உழவர்களோ இயற்கை முறைச் சாகுபடியையே தம் அடையாளமாகக் கொண்டவர்கள். இமயமலைக் குளிர்காலம் வெப்பமடைந்துவரும் இந்நாளில், லால்பாக் எழுப்பிய வினா அம்மலைச் சரிவுகளுக்கும் உரியதாகிறது.