மிஞ்சிய பணம் யாருடையது? பேராக் ஊராட்சிகளின் கையிருப்பு: சானிட்டரி போர்டு முதல் நகராண்மைக் கழகம் வரை

ஆயர் தாவாரில் ஒரு தரைவீட்டுக்கு ஆண்டுக்கு இரண்டு முறை மதிப்பீட்டு வரிச் சீட்டு வருகிறது. முதல் பாதியைப் பிப்ரவரி முடிவதற்குள் கட்ட வேண்டும். அடுத்த பாதிக்கு ஆகஸ்டு 31 கடைசி நாள். ஊரில் யாரும் அதை மதிப்பீட்டு வரி என்று சொல்வதில்லை. ‘சுக்காய் பிந்து கட்டியாச்சா?’ என்றுதான் கேட்பார்கள். பிந்து என்றால் மலாயில் கதவு. தோட்டத்து லயத்தில் பிறந்தவர்களுக்கு இந்தச் சீட்டு நடுவயதில் வந்து சேர்ந்த சமாசாரம். லயத்துக்கும் கதவு இருந்தது, ஆனால் அந்தக் கதவின் பேரில் குடியிருந்தவர் கையில் யாரும் சீட்டு நீட்டியதில்லை. வீடு, தண்ணீர்க் குழாய், கால்வாய், குப்பைக் குழி எல்லாம் கம்பெனியுடையவை.

கட்டும் வரியில் குப்பை அள்ளவும் தெருவிளக்கு எரியவும் போக ஏதாவது மிஞ்சினால் அது எங்கே போகிறது? ஊராட்சி நிதியைப் பற்றிய எழுத்துகள் பெரும்பாலும் ‘போதிய கையிருப்பு எவ்வளவு?’ என்ற கேள்வியிலேயே நின்றுவிடுகின்றன. பேராக்கின் நூற்றுச் சொச்ச ஆண்டு வரலாற்றைப் பார்த்தால் அதற்கு முன்னால் இன்னொரு கேள்வி நிற்பது தெரியும்: மிஞ்சியதை வைத்துக்கொள்ளும் உரிமை யாருக்கு இருந்தது?

பிரிட்டிஷ் மலாயாவில் இதற்கு இரண்டு விடைகள் இருந்தன. நீரிணைக் குடியேற்றங்களான பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் நகராட்சிகள் இந்திய நகராட்சிச் சட்டங்களின் வழியில் வந்தவை. அவற்றுக்குத் தனி நகராட்சி நிதி உண்டு. வசூலான வரி அதில் சேரும், மிஞ்சினால் அடுத்த ஆண்டுக்கு நிற்கும், அதைக் காட்டிக் கடன் வாங்கவும் முடியும். பேராக் போன்ற மலாய் மாநிலங்களில் வந்தது சானிட்டரி போர்டு. 1892இல் ஈப்போவின் பெரும்பகுதியைத் தீ தின்றது. அடுத்த ஆண்டே அங்கே சானிட்டரி போர்டு அமைந்தது. தெருக்களை நேராக்கியது, சந்தையை ஒழுங்குபடுத்தியது, கழிவு அள்ளியது, வீட்டு வரி வசூலித்தது. பணப்பை மட்டும் அதனிடம் இல்லை. வசூல் முழுவதும் மாநிலக் கருவூலத்துக்குப் போனது, செலவு மாநில வரவுசெலவுத் திட்டத்திலிருந்து வந்தது. ஈயம் கொழித்த ஆண்டில் ஈப்போவில் எவ்வளவு மிஞ்சினாலும் அது ஈப்போவின் கணக்கில் நிற்காது. பற்றாக்குறை வந்தாலும் போர்டு திவாலாகாது. நட்டமும் சேமிப்பும் இல்லாத நிலை அது. ஒரு அரசாங்க இலாகா எப்படியோ அப்படி.

1930இன் டவுன் போர்டு சட்டம் பெயரை மாற்றியது, பணப்பை விஷயத்தில் கை வைக்கவில்லை. சிறு ஊர்களில் மாவட்ட அதிகாரியே போர்டின் தலைவர். இன்றும் எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் நகராண்மைக் கழகத்தை ‘டவுன் போர்டு’ என்றே சொல்கிறார்கள். பழக்கதோஷம் என்று சிரித்திருக்கிறேன். இப்போது யோசித்தால் அவர்கள் சொல்வதில் பாதியாவது சரி என்று தோன்றுகிறது. ஏன் என்பது கீழே வரும்.

இந்த டவுன் போர்டுகளின் எல்லை கடைத்தெருவோடு முடிந்தது. எல்லைக்கு வெளியே ரப்பர். சித்தியவான் வட்டாரத்தில் 1903 முதல் குடியேறிய பூச்சோவ் சீனர்களின் சிறுநிலங்கள் ஒருபுறம், கம்பெனித் தோட்டங்கள் மறுபுறம். தோட்டம் தனக்குத் தானே ஒரு ஊராட்சியாக இருந்தது. துரை தலைவர், கிராணி செயலாளர், தண்டல் மேற்பார்வை. மருந்தகமும் பிள்ளைமடுவமும் அதன் செலவு. அந்த ஊராட்சியின் கையிருப்பு லண்டனில் பங்குதாரர் கணக்கில் இருந்தது. ரப்பர் விலை சரிந்த 1930களின் தொடக்கத்தில் ஆயிரக்கணக்கான தமிழர்கள் ஊருக்குத் திருப்பி அனுப்பப்பட்டார்கள். எந்தச் சேமிப்பும் அவர்களைத் தாங்க முன்வரவில்லை.

மாற்றம் 1950களில் வந்தது. 1950ஆம் ஆண்டின் ஊராட்சித் தேர்தல் சட்டத்தை ஒட்டி 1951 டிசம்பரில் பினாங்கின் ஜார்ஜ்டவுனிலும் 1952 பிப்ரவரியில் கோலாலம்பூரிலும் வாக்களிப்பு நடந்தது. ஈப்போ நகர மன்றமும் பின்னர் அந்த வழிக்கு வந்தது. தேர்ந்தெடுக்கப்பட்ட நகர மன்றங்களுக்கு நிதியில் தன்னாட்சி கிடைத்தது. வரி விகிதத்தை மன்றமே விவாதித்து முடிவு செய்தது, மிஞ்சியது மன்றத்திடமே நின்றது.

இந்தக் காலத்தில் ஜார்ஜ்டவுனையும் ஈப்போவையும் அருகருகே வைத்துப் பார்ப்பது பயன் தரும். 1957 ஜனவரி முதல் நாள் மாநகரான ஜார்ஜ்டவுனுக்கு முதல் மேயர் தொழிற்கட்சியின் டி.எஸ். இராமநாதன். அவருடைய மாநகர மன்றத்தின் கையில் மின்சாரம், குடிநீர், பேருந்து மூன்றும் இருந்தன. மின்சாரம் விற்கும் மன்றத்துக்கு மாதாமாதம் ரொக்கம் வரும். வரி பாக்கி நின்றாலும் சம்பளம் நிற்காது, பழைய கம்பியை மாற்ற முன்கூட்டியே தொகை ஒதுக்கலாம். ஈப்போவுக்கு அந்த வசதி இல்லை. கிந்தாப் பள்ளத்தாக்கின் மின்சாரம் 1982இல் தேசிய மின்சார வாரியத்தின் கைக்குப் போகும் வரை தனியார் கம்பெனிகளிடம் இருந்தது. 1962இல் நகராட்சியான ஈப்போவை 1950களின் பிற்பகுதியிலிருந்தே மக்கள் முற்போக்குக் கட்சி ஆண்டது. அதை நடத்திய டி.ஆர். சீனிவாசகம், எஸ்.பி. சீனிவாசகம் சகோதரர்கள் கையில் இருந்தது வீட்டு வரி, உரிமக் கட்டணம், சந்தை வாடகை இவ்வளவுதான். ஈப்போ தூய்மையான நகரம் என்று பெயர் எடுத்ததைப் பேசுகிறவர்கள் இந்த வருமான வேறுபாட்டைச் சொல்வதில்லை. எனக்கு அதுதான் பெரிய விஷயமாகப் படுகிறது.

1952ஆம் ஆண்டின் உள்ளூர் மன்றச் சட்டம் புதுக்கிராமங்களுக்கும் தேர்தலைக் கொண்டுபோனது. அவசரகாலத்தில் முள்வேலிக்குள் கொண்டுவந்து குடிவைக்கப்பட்டவர்களிடம், இனி நீங்களே வரி போட்டு நீங்களே ஆண்டுகொள்ளுங்கள் என்றால் எத்தனை பேர் மனமுவந்து கட்டுவார்கள்? பல மன்றங்கள் வசூலாகாத பாக்கியில் சிக்கின.

1965 மார்ச்சில், இந்தோனேசிய மோதலைக் காரணம் காட்டி ஊராட்சித் தேர்தல்கள் நிறுத்தப்பட்டன. ஜார்ஜ்டவுன் மன்றத்தின் அதிகாரங்களை 1966இல் மாநில அரசு எடுத்துக்கொண்டது. அந்நகரின் மின்சார இலாகா 1976இல் தேசிய மின்சார வாரியத்துக்குப் போனது. கையிருப்பின் ஊற்றுக்கண் அதோடு அடைந்தது.

தேர்தல் நின்ற அதே 1965இல் மேற்கு மலேசிய ஊராட்சிகளை ஆராய அரச ஆணையம் அமைந்தது. அதன் தலைவர் செனட்டர் ஆதி நாகப்பன், ம.இ.கா.வின் வழக்கறிஞர். (ஜான்சி ராணிப் படையின் ஜானகி தேவரின் கணவர் என்றால் இங்குள்ள தமிழர்களுக்குச் சட்டென்று தெரியும்.) அப்போது தீபகற்பத்தில் 370க்கும் மேற்பட்ட ஊராட்சிகள் இருந்தன. சில மாநகர அளவு, சில ஒரு புதுக்கிராம அளவு. ஆணையம் 1968 இறுதியில் அறிக்கையைக் கொடுத்தது, வெளியானதோ 1971இல். தேர்ந்தெடுக்கப்பட்ட பிரதிநிதிகள் திரும்ப வர வேண்டும், சிதறிக் கிடக்கும் மன்றங்களை இணைத்து நிதியில் காலூன்ற வைக்க வேண்டும் என்பது பரிந்துரையின் சாரம். அரசாங்கம் இரண்டாவதை எடுத்துக்கொண்டது, முதலாவதை விட்டுவிட்டது.

அப்படி வந்ததுதான் 1976ஆம் ஆண்டின் ஊராட்சிச் சட்டம், சட்ட எண் 171. மன்ற உறுப்பினர்களை மாநில அரசு நியமிக்கும். மதிப்பீட்டு வரி ஆண்டு மதிப்பில் 35 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. புதிய மதிப்பீட்டுப் பட்டியல் ஐந்து ஆண்டுக்கு ஒரு முறை வர வேண்டும், மாநிலம் விரும்பினால் தள்ளிப்போடலாம். வரி விகிதத்துக்கும் ஆண்டு வரவுசெலவுத் திட்டத்துக்கும் மாநிலத்தின் ஒப்புதல் வேண்டும். இந்தச் சட்டத்தில், இத்தனை மாதச் செலவுக்கு ஈடான கையிருப்பு வேண்டும் என்று ஓர் எண் கிடையாது. பணம் மன்றத்தின் பேரில் நிற்கிறது. அதைச் சேர்க்கவும் செலவழிக்கவும் தேவையான முடிவுகள் மாநிலத் தலைநகரின் கையெழுத்துக்குக் காத்திருக்கின்றன. பெரியவர்கள் ‘டவுன் போர்டு’ என்பதில் பாதி சரி என்றது இதனால்தான்.

ஆயர் தாவார் இன்று மஞ்சோங் நகராண்மைக் கழகத்தின் கீழ் இருக்கிறது. 2001 வரை அது மாவட்ட மன்றம். லூமுட் கடற்படைத் தளம் போன்ற கூட்டரசுச் சொத்துகளுக்கு வழக்கமான வரி கிடையாது. அதற்கு ஈடாக ஓர் உதவித்தொகை தர அரசமைப்பின் 156ஆம் பிரிவு வழி செய்கிறது. மாநிலச் சாலைப் பராமரிப்புக்குக் கூட்டரசு தரும் மானியம், பதிவேட்டில் ஏறிய சாலையின் நீளத்தைப் பார்த்து வருகிறது. குப்பை அள்ளும் பொறுப்பைக் கூட்டரசிடம் ஒப்படைக்கும் 2007ஆம் ஆண்டுச் சட்டத்தைப் பேராக் ஏற்கவில்லை. ஆகவே அந்தச் செலவு மன்றங்களின் தலையிலேயே இருக்கிறது.

ஒரு மன்றத்தின் வங்கிக் கணக்கில் இருப்பதெல்லாம் கையிருப்பு ஆகாது. ஒரு கற்பனைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். நிலை வைப்பும் நடப்புக் கணக்குமாக ஒரு மன்றத்திடம் 20 மில்லியன் வெள்ளி இருக்கிறது. அதில் 6 மில்லியன் அடுத்தவர் பணம்: மேம்பாட்டாளர் கட்டிய முன்வைப்பு, கடைக்காரர்களின் முன்பணம், சாலை, வடிகால், கட்டடச் சட்டத்தின் கீழ் வந்த மேம்பாட்டுச் சேவை நிதி. இன்னொரு 5 மில்லியன் குறிப்பிட்ட திட்டத்துக்கென்று வந்து செலவாகாத மானியம். 3 மில்லியன் குத்தகைக்காரர் பில். மீதி 6 மில்லியன். மன்றத்தின் மாதச் செலவு 3 மில்லியன் என்றால் இரண்டு மாதம் தாங்கும். அமெரிக்க அரசு நிதி அதிகாரிகள் சங்கம் உள்ளூர் அரசுகளுக்குச் சொல்லும் குறைந்தபட்ச அளவும் இரண்டு மாதம்தான். ஆனால் ‘20 மில்லியன் வைத்துக்கொண்டு சாலைக் குழியை மூடவில்லை’ என்று கேட்பவருக்கு இந்தக் கழித்தல் கணக்கை யாரும் சொல்லித் தருவதில்லை.

திரண்ட உபரி என்று ஏட்டில் நிற்பதும் ஏமாற்றும். வரவேண்டிய வரியை வரவாக எழுதிக்கொண்டால் கட்டாத பாக்கியும் உபரிக்குள் புகுந்துவிடும். பாக்கிக்கு முதலில் ‘ஈ’ படிவ அறிவிப்பு, அதற்கும் அசையாவிட்டால் பொருளைக் கைப்பற்றும் ஆணை. பூட்டிக் கிடக்கும் கடைவீட்டில் கைப்பற்ற என்ன இருக்கும்? 1985 அக்டோபரில் உலக ஈயச் சந்தை கவிழ்ந்த பிறகு கிந்தாவில் இப்படிப் பூட்டிய கதவுகள் நிறைய.

மறுமதிப்பீட்டு விஷயத்துக்கு வருவோம். ஆண்டு மதிப்பு 2,400 வெள்ளி, வரி 8 விழுக்காடு என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 192, பாதிக்கு 96 வெள்ளி. அந்த மதிப்பு, மாத வாடகை 200 வெள்ளியாக இருந்த காலத்தது. இப்போது வாடகை 600 என்றால் வரி 576 ஆக வேண்டும். எந்த மந்திரி புசார் அந்தச் சீட்டை ஒரே நாளில் அனுப்புவார்? ஆகவே ஐந்தாண்டு தவணை பல மன்றங்களில் பத்து, இருபது ஆண்டாக நீண்டது. வருமானம் பழைய விலையில், டீசலும் தாரும் புதிய விலையில். இந்த நிலையில் கையிருப்பைக் குறையாமல் காட்ட எளிய வழி வடிகாலை இந்த ஆண்டு சுத்தம் செய்யாமல் விடுவது. ஏட்டில் அது சேமிப்பாகத் தெரியும், அடுத்த மழையில்தான் செலவாகத் தெரியும்.

அதிகம் சேர்ப்பதிலும் ஆபத்து உண்டு. கலிஃபோர்னியாவின் ஆரஞ்சு கவுண்டி, வட்டி ஆசையில் துணிந்து முதலிட்டு 1994இல் சுமார் 160 கோடி டாலரை இழந்து திவாலானது. இங்கிலாந்தின் 2003ஆம் ஆண்டுச் சட்டம் வேறு வழியில் போனது: வரவுசெலவுத் திட்டம் வாக்கெடுப்புக்கு வரும்போது, கையிருப்பு போதுமா என்று மன்றத்தின் நிதி அதிகாரி தன் கருத்தை எழுத்தில் கொடுத்தாக வேண்டும். எண் இல்லாவிட்டாலும், பதில் சொல்ல ஓர் ஆள் இருக்கிறார். உத்திரமேரூர்க் கல்வெட்டைத் தமிழர்கள் குடவோலைக்காகவே நினைவுகூர்கிறோம். வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரையும் அவருடைய நெருங்கிய உறவினரையும் மறுபடி குடவோலைக்குச் சேர்க்காத விதி அதே கல்வெட்டில் இருக்கிறது. பத்தாம் நூற்றாண்டுச் சபைக்கும் இன்றைய நிதி அதிகாரியின் அறிக்கைக்கும் நேர்க்கோடு போட நான் வரவில்லை. நியமன உறுப்பினர் மன்றத்தில் அந்த இடத்தில் யார் நிற்கிறார் என்பதுதான் என் கேள்வி. பினாங்கு மாநிலம் ஊராட்சித் தேர்தலைத் திரும்பக் கொண்டுவர 2012இல் சட்டம் இயற்றியது. 2014இல் கூட்டரசு நீதிமன்றம் அதை ஏற்கவில்லை.

தோட்டங்கள் துண்டாடப்பட்டு, ரப்பர் போய்ச் செம்பனை வந்து, லயத்து மக்கள் தாமான் வீடுகளுக்கு வந்துவிட்டார்கள். போகாமல் நின்றவர்களும் உண்டு. 1990ஆம் ஆண்டின் தொழிலாளர் வீட்டுவசதிச் சட்டம், தோட்ட வீடுகளுக்கான பொறுப்பை முதலாளியிடமே வைத்தது. முதலாளி நிலத்தை விற்றுவிட்ட பிறகும் செம்மண் பாதை தனியார் நிலமாகவே நிற்கிறது. மழைக்காலத்தில் பள்ளிக்கூட வேன் அதில் இறங்கத் தயங்கி முனையிலேயே நின்றுவிடும். பிள்ளைகள் சப்பாத்தைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்து வருவார்கள். அந்தப் பாதை முறைப்படி ஒப்படைக்கப்பட்டுச் சாலைப் பதிவேட்டில் ஏறும் வரை, கூட்டரசின் சாலை மானியம் அதற்கு ஒரு மீட்டர்கூடக் கணக்கிடாது.