இடுப்பெலும்பிலிருந்து முழங்காலுக்கு: மஜ்ஜைச் செல் சிகிச்சையின் வரலாறும் எண்ணப்படாத செல்களும்

முழங்கால் தேய்மானம், தோள்பட்டைத் தசைநாண் கிழிசல் ஆகியவற்றுக்கு நோயாளியின் சொந்த எலும்பு மஜ்ஜையையே ஊசி வழியாகச் செலுத்தும் சிகிச்சை இன்று பல நாடுகளில் நடைபெறுகிறது. இதன் வேர் மூட்டு மருத்துவத்தைவிட எலும்பு முறிவு மருத்துவத்தில்தான் ஆழமாக ஓடுகிறது. முறிவில் மெய்ப்பிக்கப்பட்ட ஒன்று மூட்டுக்கும் தசைநாணுக்கும் இடம்பெயர்ந்தபோது, செல்களை எண்ணிப் பார்க்கும் பழக்கம் வழியிலேயே நழுவிவிட்டது என்பது இக்கட்டுரையின் வாதம்.

மஜ்ஜைக்கு எலும்பை உருவாக்கும் ஆற்றல் உண்டு என்பதை 1869-இலேயே பிரான்சின் கூஜோன் விலங்குச் சோதனைகளில் காட்டினார். ஆனால் மஜ்ஜையில் எந்தச் செல் அதைச் செய்கிறது என்ற கேள்விக்கு விடை கிடைக்க ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு ஆயிற்று. மாஸ்கோவின் கமாலெயா நிறுவனத்தில் அலெக்சாண்டர் ஃபிரீடன்ஸ்டைன் 1960-களில் மஜ்ஜைச் செல்களைச் சிறு அடைப்புகளில் இட்டு விலங்கின் உடலுக்குள் வைத்தார். திரவம் புகும், செல் நுழையாது என்ற வகையில் அமைந்த அடைப்பு அது. அதற்குள் எலும்பு உருவாயிற்று. எனவே அதை உருவாக்கியவை உள்ளே இட்ட செல்களே என்பது உறுதியானது. 1970-இல் கினிப் பன்றியின் மஜ்ஜையைக் கண்ணாடிக் கலனில் வளர்த்து, அடியில் ஒட்டிக்கொண்டு பெருகும் செல் கூட்டங்களை அவர் குழுவினர் எண்ணினார்கள். ஒரு கூட்டத்துக்கு ஒரு தாய்ச்செல் என்பது கணக்கு. இந்த எண்ணிக்கை முறையைத்தான் அவருடைய தலையாய கொடையாக நான் கருதுகிறேன். அது இல்லாமல், ஊசியில் இருப்பது மருந்தா வெறும் இரத்தமா என்று சொல்ல வழியில்லை.

அம்முறையை நோயாளியிடம் முழுமையாகக் கொண்டுவந்தவர் பாரிசை அடுத்த கிரெத்தேயில் உள்ள ஆன்றி மோந்தோர் மருத்துவமனையின் எலும்பு அறுவை மருத்துவர் ஃபிலிப் எர்னிகு. கீழ்க்கால் எலும்பு முறிந்து கூடாமலே நின்றுவிட்ட 60 பேருக்கு, இடுப்பெலும்பில் எடுத்த மஜ்ஜையைச் செறிவாக்கிச் செலுத்தி, 2005-இல் முடிவுகளை வெளியிட்டார். 53 பேருக்கு எலும்பு கூடியது. கூடாத எழுவரைப் பற்றிய பகுதிதான் அந்த ஆய்வின் உயிர்நாடி. எலும்பு கூடியவர்கள் பெற்ற மஜ்ஜையில் ஒரு கன செ.மீ.க்கு 1,500-க்கு மேல் தாய்ச்செல்கள் இருந்தன. கூடாதவர்களுக்குக் கிடைத்தது சராசரியாக 634. தோல்வி ஏன் என்பதை எண்ணிக்கையே சொல்லிற்று.

மஜ்ஜையை எடுக்கும் விதமும் அந்த எண்ணிக்கையைத் தீர்மானிக்கிறது. நோயாளியைக் குப்புறப் படுக்கவைத்து, இடுப்பெலும்பின் பின்முகட்டில் மரத்துப்போகும் ஊசி போட்டு, தடித்த ஊசியை எலும்புக்குள் திருகி இறக்குகிறார்கள். உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் பூசிய சிரிஞ்சில் முதலில் இழுபடுவதுதான் செழுமையான மஜ்ஜை. ஒரே இடத்தில் தொடர்ந்து இழுத்தால் சுற்றியுள்ள இரத்தம் வந்து கலந்துவிடும். இதை 1997-இல் மஷ்லர் குழுவினர் அளந்து காட்டி, ஓரிடத்தில் 2 மி.லி.க்கு மேல் எடுக்க வேண்டாம் என்றனர். எடுத்ததை மையவிலக்குக் கருவியில் சுழற்றினால் சிவப்பணுக்கள் அடியில் தங்கும். அதன் மேல் மெல்லிய வெளிர் படலமொன்று நிற்கும். அதையே பிரித்து மூட்டில் செலுத்துகிறார்கள். அந்தப் படலத்திலும் தாய்ச்செல்கள் மிக அரிது; மஜ்ஜையின் உட்கரு உள்ள செல்களில் பத்தாயிரத்துக்கு ஒன்று முதல் லட்சத்துக்கு ஒன்று வரைதான்.

மூட்டுக்குள் மஜ்ஜை நுழைந்த கதை வேறு பாதையில் தொடங்கியது. 1959-இல் பிரிஸ்டலின் கென்னத் பிரிடி, குருத்தெலும்பு தேய்ந்த இடத்தில் எலும்பைத் துளையிட்டு மஜ்ஜையை மேலே கசியவிட்டார். புதிதாக வளர்ந்த திசு வழவழப்பான இயற்கைக் குருத்தெலும்புக்கு ஈடாகாத நார்க்குருத்தெலும்பு. 1991-இல் கிளீவ்லாந்தின் ஆர்னல்ட் கேப்லன் இச்செல்களுக்கு மீசன்கைமல் ஸ்டெம் செல் என்று பெயரிட்ட பின், அவையே குருத்தெலும்பாக மாறி மூட்டைப் புதுப்பிக்கும் என்ற நம்பிக்கை வேரூன்றியது. ஜப்பானில் வகிடானி குழுவினர் 2002-இல் வெளியிட்ட ஆய்வில், வளர்த்தெடுத்த செல்களை 12 முழங்கால்களில் வைத்து, செல் இல்லாத 12 முழங்கால்களுடன் ஒப்பிட்டனர். திசு சற்று மேம்பட்டிருந்தது. நோயாளி உணர்ந்த பயனில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. 2017-இல் கேப்லனே அப்பெயரை மாற்றச் சொன்னார்: இவை திசுவாக மாறுவதைவிட, வேதிச் செய்திகளைச் சுரந்து வீக்கத்தைத் தணிக்கின்றன என்பது அவருடைய பிற்கால முடிவு.

விளக்கம் தலைகீழானாலும் சிகிச்சை அப்படியே தொடர்ந்தது. இதில் சட்டத்துக்கும் பங்குண்டு. ஆய்வகத்தில் வளர்த்துப் பெருக்கிய செல்கள் மருந்துக்கான விதிகளுக்கு உட்பட்டவை என்று 2014-இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அன்றே எடுத்து அன்றே செலுத்தும் செறிவு அங்கு எளிய வழியாக எஞ்சியது. செல்கள் குறைவாகவும் எண்ணப்படாமலும் செல்லும் வழியும் அதுவே. 2017-இல் மாயோ கிளினிக் ஆய்வில் 25 பேரின் ஒரு முழங்காலுக்கு மஜ்ஜைச் செறிவும் மறு முழங்காலுக்கு உப்புநீரும் செலுத்தினர். இரண்டிலுமே வலி ஏறக்குறைய ஒரே அளவில் குறைந்தது. 2023-இல் எமரி பல்கலைக்கழகம் தலைமையேற்ற, 475 பேரின் முடிவுகளை அலசிய ஆய்வில், மஜ்ஜைச் செறிவு உட்பட மூன்று வகைச் செல்களில் எதுவும் ஓராண்டு முடிவில் ஸ்டீராய்டு ஊசியை விஞ்சவில்லை. சேமிப்பைக் கரைத்து இந்த ஊசியை நாடும் முதியவருக்கு இந்த இரண்டு ஆய்வுகளையும் முன்கூட்டியே சொல்லியாக வேண்டும்.

தசைநாணைப் பொறுத்தவரை முன்னோடிகள் பந்தயக் குதிரைகள். லண்டன் ராயல் கால்நடைக் கல்லூரியின் ரோஜர் ஸ்மித், குதிரையின் மார்பெலும்பு மஜ்ஜையிலிருந்து செல்களை வளர்த்து, ஸ்கேன் பார்த்தபடியே முன்னங்கால் தசைநாணின் காயத்துக்குள் செலுத்தினார். 2012-இல் வெளியான தொகுப்பில் மறுகாயம் 27.4 சதவீதம், பிற சிகிச்சைகளுக்கு முன்பு பதிவானதைவிடக் குறைவு. மனிதரில் எர்னிகு 2014-இல் தந்த கணக்கு கவனத்துக்குரியது. தோள்பட்டைத் தசைநாணைத் தைக்கும்போது மஜ்ஜைச் செறிவும் பெற்ற 45 பேரில் 39 பேருக்குப் பத்தாண்டுக்குப் பின்னும் தையல் நிலைத்தது. பெறாத 45 பேரில் 20 பேருக்கே நிலைத்தது. குலுக்கல் முறையில் பிரித்த ஆய்வாக அது இல்லாததால் அதை இறுதிச் சான்றாகக் கொள்ள முடியாது. ஆயினும், செல்களை எண்ணியே செலுத்திய ஒருவரின் கையிலிருந்து அந்த முடிவு வந்திருக்கிறது.

இந்தியாவிலும் எண்ணிக்கை திரும்பி வந்திருக்கிறது. பெங்களூரின் ஸ்டெம்பியூட்டிக்ஸ் நிறுவனம், பிறர் தானமளித்த மஜ்ஜையில் வளர்த்த ஸ்டெம்பியூசெல் என்ற மருந்தை 146 பேரிடம் போலி மருந்துடன் ஒப்பிட்டு, முழங்கால் தேய்மானத்துக்கு 2022-இல் அரசு அனுமதி பெற்றது. ஒரு ஊசியில் 2.5 கோடி செல்கள் என்று அளவு வரையறுக்கப்பட்டுள்ளது. சொந்த மஜ்ஜைச் செறிவில் இப்படி முன்கூட்டிச் சொல்ல இயலாது. கலனில் செல் கூட்டங்கள் வளர்ந்து எண்ணத் தகுந்த நிலைக்கு வர ஏறத்தாழ இரண்டு வாரமாகும், அதற்குள் ஊசி போட்டு முடிந்திருக்கும். ஆனாலும் சில துளிகளைத் தனியே வைத்து எண்ணி, அந்த எண்ணை நோயாளியின் பதிவேட்டில் சேர்க்க முடியும். எர்னிகு எழுவரின் தோல்விக்குக் காரணம் கண்டதும் இப்படி எடுத்துவைத்த கணக்கிலிருந்துதான்.