ரைசோபியம் கலந்தும் வேரில் முடிச்சு வரலையா? கால்சியத்துக்கு இதில் என்ன வேலை?

காற்றில் 78 சதவீதம் நைட்ரஜன்தான். ஆனால் செடிகளால் அதை நேரடியாக எடுத்துக்கொள்ள முடியாது. உளுந்து, பாசிப்பயறு, பட்டாணி போன்ற பயிர்களுக்கு இந்த வேலையைச் செய்து கொடுப்பது ரைசோபியம் வகை மண் பாக்டீரியாக்கள். வேர் முடிச்சுக்குள் குடியேறி, நைட்ரஜனை அம்மோனியாவாக மாற்றித் தருகின்றன. பதிலுக்குச் செடி சர்க்கரையிலிருந்து கிடைக்கும் உணவைக் கொடுக்கிறது.

இந்தக் கூட்டணி அமையணும்னா கால்சியம் வேண்டும். ஏன்?

வேரில் ஒட்ட வைப்பது எது?

முதல் வேலை, வேர்த்தூவியில் ஒட்டிக்கொள்வது. பட்டாணியில் முடிச்சு போடும் ரைசோபியத்தின் மேற்பரப்பில் 'ரிக்கடெசின்' என்ற புரதம் இருப்பதாக 1980களின் கடைசியில் நெதர்லாந்து விஞ்ஞானிகள் கண்டறிந்தனர். இது பசை மாதிரி. கால்சியம் குறைந்தால் இந்தப் பசை பாக்டீரியாவை விட்டுக் கழன்றுவிடும். அப்புறம் வேரில் ஒட்டுவது கஷ்டம்.

வெளியே வந்ததும் வடிவம் மாறும் புரதம்

அதே பாக்டீரியா 'நாட்-ஓ' என்ற இன்னொரு புரதத்தை வெளியே அனுப்புகிறது. பாக்டீரியா செல்லுக்குள் கால்சியம் மிக மிகக் குறைவு, வெளியேதான் அதிகம். அதனால் இந்த வகைப் புரதங்கள் உள்ளே தளர்ந்த கயிறு போல இருக்கும். வெளியே வந்து கால்சியம் பிடித்த பிறகுதான் சரியாக மடிந்து வேலைக்குத் தயாராகும். ஆய்வகத்தில் செயற்கைச் சவ்வில் நாட்-ஓ அயனிகள் கடக்கும் துளைகளைப் போட்டது. செடிக்குப் போகும் சிக்னலை இது வலுப்படுத்துவதாகக் கருதப்படுகிறது.

செடிக்குள்ளும் கால்சியம்தான்

பாக்டீரியா 'நாட் ஃபேக்டர்' என்ற சிக்னலை அனுப்பியதும், வேர்த்தூவி செல்லின் உட்கருவைச் சுற்றி கால்சியம் அளவு விட்டு விட்டு ஏறி இறங்கும். குதிரைமசால் செடியில் இதை 1996இல் பதிவு செய்தார்கள். இந்தத் துடிப்பைச் செடியின் ஒரு புரதம் 'படித்து', முடிச்சு உருவாக்கும் மரபணுக்களை முடுக்கிவிடும்.

விவசாயிக்கு இதனால் என்ன?

அமில மண்ணில் கால்சியம் குறைவாகவும், கரைந்த அலுமினியம் அதிகமாகவும் இருக்கலாம். அமிலத்தன்மையோடு இவையும் சேர்ந்தால், ரைசோபியம் பாக்கெட் வாங்கி விதையில் கலந்தாலும் முடிச்சு சரியாக வராது. அதனால் முதலில் மண் பரிசோதனை செய்து பாருங்க. அமில மண் என்றால், ரைசோபியம் கலந்த ஈர விதை மேல் நைசான கால்சியம் கார்பனேட் தூளைப் பூசும் முறை உண்டு. சுட்ட சுண்ணாம்பு, நீற்றுச் சுண்ணாம்பு மட்டும் வேண்டாம். அதன் கடுமையான காரம் பாக்டீரியாவைக் கொன்றுவிடும்.

முடிச்சு வேலை செய்யுதான்னு எப்படித் தெரியும்? பூக்கும் சமயத்தில் ஒரு செடியை மண்ணோடு தோண்டி எடுத்து, முடிச்சை நகத்தால் கீறிப் பாருங்க. உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் நைட்ரஜன் வேலை நடக்கிறது. வெள்ளையாகவோ பச்சையாகவோ இருந்தால் நடக்கவில்லை.