வில் வந்த வழி

காரவள்ளியில் மலையேறத் தொடங்கும் பழைய ஜீப், முதல் கொண்டை ஊசி வளைவில் ஒடித்துத் திரும்பும்போது அடியிலிருந்து ஒரு முனகல் கேட்கும். இரும்போடு இரும்பு உரசும் சத்தம் அது. சோளக்காடு போய்ச் சேர்வதற்குள் இன்னும் 69 வளைவுகள் இருக்கின்றன. அத்தனையிலும் அது முனகிக்கொண்டேதான் வரும். அச்சோடு சேர்த்து யூ போல்ட்டால் இறுக்கிக் கட்டிய எஃகுப் பட்டைகளின் குரல். பட்டறையில் அதை ஸ்பிரிங் பட்டை என்பார்கள். நம் பாட்டன்மார் அதற்கு வைத்த பெயர் வில்.

மாடு இழுக்கும் பாரவண்டிக்கு வில் கிடையாது. கல்லில் சக்கரம் ஏறினால் அந்த அடி நேரே உட்கார்ந்திருப்பவரின் இடுப்புக்கு வரும். வில்வண்டி வேறு சாதி. அதன் கூண்டு பட்டைகளின் மேல் மிதக்கும். பெண்ணை மாமியார் வீட்டுக்குக் கொண்டுபோய் விடவும், வயதானவர்களைக் கோயிலுக்குக் கூட்டிப் போகவும் வசதியுள்ள வீட்டில் அதைப் பூட்டினார்கள். லண்டனில் ஒபதையா எலியட் என்ற வண்டித் தொழிலாளி 1804இல் இரண்டு வளைந்த பட்டைக் கட்டுகளை வாயோடு வாய் சேர்த்துக் குதிரை வண்டிக்கு அடியில் வைத்தார். அந்த நுட்பம் கடல் கடந்து இங்கே வந்தபோது நம்மவர்கள் அதற்குப் புதுப்பெயர் தேடவில்லை. வளைத்தால் வளைந்து, விட்டால் பழைய நிலைக்கு மீளும் பொருள் அவர்களுக்கு ஏற்கெனவே தெரியும்.

கொல்லிமலைக்கு அது இன்னும் நன்றாகத் தெரியும். இது வல்வில் ஓரியின் மலை. அவன் எய்த ஒரே அம்பு யானை, புலி, மான், பன்றி, உடும்பு என ஐந்தையும் துளைத்ததாக வன்பரணர் புறநானூற்றில் பாடியிருக்கிறார். அவன் பெயரில் இன்றும் ஆடியில் இங்கே விழா நடக்கிறது. வில்லுக்குப் பெயர்போன மலைக்கு அமெரிக்காவிலிருந்து ஒரு வில் வந்து சேர்ந்த கதை, அதற்கு வெகுகாலம் பிந்தையது.

1940இல் அமெரிக்க ராணுவம், சிறிய, எடை குறைந்த, நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி ஒன்று கேட்டது. பென்சில்வேனியாவின் பாண்டம் நிறுவனம் அந்தச் செப்டம்பரிலேயே முதல் மாதிரியை ஓட்டிக் காட்டியது. ஆனால் பெருமளவு ஆர்டர் ஓஹியோ மாநிலம் டொலீடோவில் இருந்த வில்லிஸ் நிறுவனத்துக்கும் ஃபோர்டுக்கும் போனது. போர் முடிவதற்குள் இருவருமாக 6 லட்சத்துக்கும் மேல் செய்து தள்ளினார்கள். ராணுவக் குறிப்பில் அதன் பெயர் 'கால் டன் லாரி'. இந்தக் 'கால் டன்' என்ற சொல்லை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். அந்த வில்லுக்குப் பின்னால் வந்த கஷ்டமெல்லாம் அதில்தான் அடங்கியிருக்கிறது.

நான்கு மூலையிலும் நான்கு வில். ஒவ்வொரு பட்டையும் 1¾ அங்குல அகலம். இடது முன்சக்கரத்து வில்லுக்கு மட்டும், அச்சு முறுக்கிக்கொள்வதைத் தாங்கத் துணைப்பட்டை ஒன்று கூடுதலாக இருந்தது. முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 80 அங்குலம்தான். குறுகிய வளைவில் திரும்ப அது வரம். ஆனால் குழியில் முன்சக்கரம் இறங்கி ஏறிய மறுகணமே பின்சக்கரமும் இறங்கும். அந்தக் குலுக்கலை வில்தான் வாங்கியாக வேண்டும்.

நாடு விடுதலை பெற்ற காலத்தில் மகிந்திரா நிறுவனம் வில்லிஸ் ஜீப்பின் பாகங்களை இறக்குமதி செய்து பம்பாயில் பூட்டத் தொடங்கியது. பிறகு உயர்ந்த மூக்குடைய சிஜே-3பி மாதிரியை இங்கேயே செய்தது. அமெரிக்காவில் 1968இல் அது நின்றுபோன பின்னும் இந்தியாவில் பல பத்தாண்டுகள் தொடர்ந்தது. பொறியாளரும் வனத்துறையும் தோட்டக்காரரும் ஏறிய அந்த வண்டி, கடைசியில் பேருந்து போகாத மலை ஊர்களின் சொத்தானது. மிளகு மூட்டை, பலாப்பழம், வாழைத்தார், அவற்றுக்கு மேல் ஆட்கள், பின்படியில் தொங்குபவர் வேறு. கால் டன்னுக்குப் பிறந்த வில் ஒரு டன்னுக்கு வளைந்தது.

வளைந்தது ஒருநாள் நிமிராமல் போகும். பட்டை படுத்துவிட்டது என்பார்கள். அப்போது முதலில் தோன்றும் வைத்தியம், கூட ஒரு பட்டை சேர்ப்பது. வண்டி நிமிரும், பாரமும் தாங்கும். ஆனால் பாரம் இறக்கிய வெறும் வண்டி கல்லுக்குக் கல் துள்ளும். துள்ளும் சக்கரம் தரையில் இல்லை. தரையில் இல்லாத சக்கரத்துக்குப் பிரேக்கும் இல்லை, ஸ்டியரிங்கும் இல்லை. பட்டையின் தடிமனை இரட்டித்தால் விறைப்பு எட்டு மடங்காகும் என்பது கணக்கு. கொஞ்சம் கூடட்டும் என்று போடும் தடித்த பட்டை, கொஞ்சமாக நிற்காது.

இந்த மலைக்கு ஏற்ற மேம்பாடு பட்டையைக் குறைப்பதில் தொடங்குகிறது என்பதே என் உறுதியான எண்ணம். கட்டைக் கழற்றி, துருவைச் சுரண்டி, கிராஃபைட் கிரீஸ் பூசினாலே பாதி முனகல் அடங்கும். வில்லின் முனையில் தேய்ந்த புஷ்ஷையும், முனையைத் தொங்கவிடும் சாக்கிலையும் மாற்றினால் ஸ்டியரிங்கில் நடுக்கம் குறையும். அதற்கு மேலும் வேண்டுமென்றால் பரவளைவுப் பட்டை இருக்கிறது. நடுவில் தடித்து, நுனிக்குப் போகப் போக மெலியும் இரண்டு மூன்று பட்டைகளே அங்கே பழைய அடுக்கின் வேலையைச் செய்கின்றன. நுனியிலும் நடுவிலும் மட்டுமே தொடுவதால் உரசல் இல்லை. ஆனால் பழைய கட்டில் அந்த உரசல்தான் ஆட்டத்தை அடக்க உதவியது. அது போனதும் நல்ல ஷாக் அப்சார்பர் இல்லாவிட்டால் வண்டி படகாக ஆடும்.

அமெரிக்க ஜீப் பிரியர்கள் செய்யும் இன்னொரு மாற்றமும் உண்டு. பாரம் ஏறினால் வில் நிமிர்ந்து நீளும். அதனால் ஒரு முனையை அசையாமல் பூட்டி, மறுமுனையைச் சாக்கிலில் தொங்கவிடுவார்கள். பழைய ஜீப்பின் முன்வில்லில் சாக்கில் மூக்குப் பக்கம் இருக்கிறது. சக்கரம் கல்லில் மோதும்போது வில் முன்னோக்கி நீள்வதால் அச்சும் கல்லை எதிர்த்துப் பாய்கிறது. சாக்கிலைப் பின்பக்கம் மாற்றினால் சக்கரம் கல்லுக்கு ஒதுங்கி ஏறும். சமவெளியில் சுகம்தான். ஆனால் பிரேக் மிதித்தால் மூக்கு அதிகமாகக் குனியும். 70 வளைவுகளிலும் பிரேக் மிதித்தபடியே இறங்கும் வண்டிக்கு அதை நான் சொல்லமாட்டேன். வண்டியை இரண்டு மூன்று அங்குலம் உயர்த்துவதும் அப்படித்தான். வெள்ளக்காட்டில் உதவும் உயரம், வளைவில் சாய்வாக மாறும்.

வில்லின் காலம் மெல்ல முடிகிறது. 2010இல் வந்த மகிந்திராவின் தார் ஜீப்பில் முன்வில் போய்விட்டது. 2020இல் வந்ததில் பின்வில்லும் போய், நான்கு மூலையிலும் சுருள் ஸ்பிரிங் வந்துவிட்டது. ஓட்ட இதமாக இருக்கிறது. லாரிகள் மட்டும் இன்னும் பட்டையை விடவில்லை. அடிவாரத்தைக் கடந்து லாரிக்குப் பேர்போன நாமக்கல்லுக்குள் நுழைந்தால், ஒடிந்த பட்டையை மாற்றி வளைவு போட்டுத் தரும் கைகளை இன்றும் பார்க்கலாம். கொல்லிமலையின் பழைய ஜீப்புகள் ஓடுவது அந்தக் கைகளை நம்பித்தான்.

ஒடிந்த பட்டையையும் யாரும் வீசுவதில்லை. அரிவாள் வாங்குகிறவர், "ஸ்பிரிங் பட்டையில அடிச்சதுதானே?" என்று கேட்டுத்தான் வாங்குகிறார். ஆயிரம் முறை வளைந்து மீண்ட எஃகு முனை மழுங்காது என்பது தமிழ்நாடு முழுக்க உள்ள நம்பிக்கை. அதில் உண்மையும் இருக்கிறது. அந்த எஃகில் கரி அதிகம், காய்ச்சித் தோய்த்தால் கூர் நிற்கும். கொல்லன் அதைச் சிவக்கக் காய்ச்சி, வளைவை நிமிர்த்தி, மறுபடி அரிவாளாக வளைக்கிறார். மலைமேல் சில்வர் ஓக் மரத்தில் படர்ந்த மிளகுக்கொடிக்கு வெளிச்சம் விட, ஒருவர் அதனால் கிளை கழிக்கிறார். கழித்து முடித்ததும் இடுப்பில் செருகிக்கொண்டு, மூட்டையோடு கீழே இறங்க ஜீப்புக்காகக் காத்து நிற்கிறார்.