ஈரமில்லாதவர்

பலெர்மோவில், ஒரேத்தோ ஆற்றுக்கு அண்மையில் குடியிருக்கும் நண்பர் வீட்டில் கேட்டது இது. இங்கே பிறந்த அவருடைய மகள் தன் ஆசிரியையைப் பற்றி, "அவ குளிரான ஆள்" என்றாள். அம்மம்மாவுக்குப் பெரிய சந்தோஷம். "அப்பிடி ஒரு ஆள் வாய்க்கிறது அருமை, பிள்ளை."

பிள்ளை சொன்னது குறை. இத்தாலியரின் 'ஃப்ரெத்தோ'வை அவள் அப்படியே தமிழாக்கியிருந்தாள். ஐரோப்பியருக்கு அன்பு சூடு. குளிர் அதன் இன்மை. (சிசிலியின் ஆகஸ்ட் வெயிலில் நின்றும் அப்படித்தான் சொல்கிறார்கள். ஆகவே காலநிலையை மட்டும் காரணம் காட்ட முடியாது.) நமக்குச் சூடு கோபம். அரசனின் கருணை 'தண்ணளி'. திருக்குறளில் 'இனியவை கூறல்' அதிகாரத்தின் முதற் குறளிலேயே 'ஈரம்' வருகிறது. பரிமேலழகர் அதற்கு அன்பு என்றே உரை கண்டார். இரக்கமற்றவனை இன்றும் நெஞ்சில் ஈரமில்லாதவன் என்கிறோம்.

ஒரேத்தோவுக்குக் குறுக்கே 12ஆம் நூற்றாண்டில், இரண்டாம் ரோஜர் மன்னனின் கடற்படைத் தலைவன் அந்தியோக்கியா ஜோர்ஜ் கட்டுவித்த பாலம் ஒன்று உண்டு. 1860இல் கரிபால்டியின் படை அந்த வழியாகத்தான் நகருக்குள் புகுந்தது. பின்னாளில் வெள்ளத்துக்கு அஞ்சி ஆற்றைத் திருப்பிவிட்டார்கள். பாலம் நிற்கிறது, கீழே தண்ணீர் இல்லை.

மறுநாள் அந்தப் பாலத்தைக் காட்டி, பிள்ளைக்கு 'ஈரமில்லாதவர்' என்ற சொல்லைச் சொல்லிக்கொடுத்தேன். வளைவுகளின் கீழே சற்று நேரம் பார்த்தாள்.

"அப்ப, ரீச்சரைக் காஞ்சுபோன ஆள் எண்டும் சொல்லலாமோ, மாமா?"

சொல்லலாம் என்றேன்.