கார்புரேட்டருக்குக் காது கொடுத்த காலம்

1962-ல் இங்கிலாந்தில் வெளிவந்த எம்ஜிபி காரில் 1798 சிசி என்ஜின். அதற்கு இரண்டு எஸ்யூ கார்புரேட்டர். எஸ்யூ என்றால் 'ஸ்கின்னர்ஸ் யூனியன்'. ஸ்கின்னர் குடும்பத்துக்கு ஷூ வியாபாரம். அதனாலதானோ என்னவோ, அவங்களோட ஆரம்பகால கார்புரேட்டரில் தோல் துருத்தி இருந்தது.

இந்த மாதிரி கார் நின்ற இடத்தில் குலுங்கினா, பழி நேரா கார்புரேட்டர் மேலதான் விழும். நானும் அப்படித்தான் நினைச்சிருந்தேன். ஆனா விவரமான மெக்கானிக்குகள் அதைக் கடைசியாகத்தான் தொடுவார்கள். முதலில் வால்வு இடைவெளி, பிளக், பாயின்ட், டைமிங். பிறகு இரண்டையும் இணைக்கும் தண்டின் கிளாம்ப்பைத் தளர்த்தி, ஒரு ரப்பர் குழாயைக் காதில் வைத்து, மறுமுனையை ஒவ்வொன்றின் வாயிலும் பிடிப்பார்கள். 'உஸ்' சத்தம் இரண்டிலும் ஒரே அளவில் கேட்கும்வரை ஐடில் ஸ்குரூவைத் திருகணும். மிக்சர் சரிபார்ப்பது அதுக்கப்புறம்தான். அப்படியும் அடங்கலைன்னா, த்ராட்டில் தண்டு தேய்ந்து பக்கவாட்டில் காற்று இழுக்குதான்னு பார்க்கணும்.

இவ்வளவுக்கும் பொறுமையில்லாத பலர் இரண்டையும் கழற்றிட்டு ஒற்றைக் கார்புரேட்டர் மாட்டிக்கிட்டாங்க. கூடவே, குழாய் வைத்துக் கேட்கிற அந்தக் காதும் போச்சு.