பதிவு யார் கையில்? (கண்காணிப்புக் கேமராவும் காவல் நிலையமும்: ஒரு வரலாறு)

இன்று ஒரு ஊரில் திருட்டு நடந்தாலும், விபத்து நடந்தாலும், அடிதடி நடந்தாலும் முதலில் எழும் கேள்வி ஒன்றுதான்: "அங்கே கேமரா இருக்கிறதா?" நகைக்கடை, பஸ் நிலையம், பள்ளிக்கூடம், கோயில் என்று எங்கு பார்த்தாலும் கேமரா வந்துவிட்டது. தமிழ்நாட்டில் பொதுக் கட்டடங்களில் கண்காணிப்புக் கேமரா பொருத்துவதற்கான விதிகள் 2012-லேயே வந்துவிட்டன.

ஆனால் அதற்கு அடுத்த கேள்வியைப் பலரும் கேட்பதில்லை. கேமரா பார்த்ததை எங்கே எழுதி வைக்கிறது? எத்தனை நாள் வைத்திருக்கிறது? அதை அழிக்கும் அதிகாரம் யாருக்கு இருக்கிறது? இந்தக் கேள்விகள் எவ்வளவு முக்கியமானவை என்பதைத் தமிழ்நாட்டின் இரண்டு சம்பவங்கள் காட்டுகின்றன. ஒன்று தருமபுரி மாவட்டத்தில் நடந்தது, அங்கே கேமரா இல்லை. மற்றொன்று தூத்துக்குடி மாவட்டத்தில் நடந்தது, அங்கே கேமரா இருந்தது.

கல்லில் எழுதிய பதிவு

தருமபுரி என்றதும் வரலாறு படித்தவர்களுக்கு நினைவுக்கு வருவது நடுகற்கள். தமிழ்நாட்டில் எழுத்துள்ள பழைய நடுகற்கள் மிகுதியாகக் கிடைத்த பகுதிகள் தருமபுரியும் செங்கமும்தான். ஆறாம் நூற்றாண்டைச் சேர்ந்த வட்டெழுத்துக் கற்கள்கூட இங்கே உண்டு. தருமபுரி அரசு அருங்காட்சியகத்துக்குப் போனால் பல கற்களை நேரிலேயே பார்க்கலாம்.

அந்தக் காலத்தில் மாட்டு மந்தைதான் ஊரின் செல்வம். மந்தைக்கு அன்றைய பெயர் 'தொறு'. பகைவர் வந்து மந்தையை ஓட்டிக்கொண்டு போனால் அதை மீட்கப் போராடி உயிரை விட்டவனுக்கு ஊரார் கல் நட்டார்கள். எந்த அரசனின் எத்தனையாவது ஆட்சியாண்டு, மந்தையைக் கவர்ந்தவர்கள் யார், இறந்தவன் யார் என்ற விவரங்கள் பல கற்களில் இருக்கின்றன. ஒரு சம்பவ அறிக்கையில் இருக்க வேண்டியவை ஏறக்குறைய இவைதானே!

இதில் கவனிக்க வேண்டியது, அந்தப் பதிவு ஊர்ப் பொதுவில் நின்றது என்பது. தனி ஒருவர் வீட்டுப் பெட்டிக்குள் அது பூட்டப்படவில்லை. ஒருவர் நினைத்தால் ஓசையில்லாமல் அழித்துவிடவும் முடியாது. அதனால்தான் ஆயிரத்து நானூறு ஆண்டுகள் கழித்தும் வாசிக்க முடிகிறது.

வாச்சாத்தி: கேமரா இல்லாத நாள்

அதே தருமபுரி மாவட்டத்தில், அரூர் வட்டத்தில், சித்தேரி மலையடிவாரத்தில் இருக்கிறது வாச்சாத்தி. பழங்குடி மக்கள் வாழும் சிறிய கிராமம். 1992 ஜூன் 20 அன்று சந்தனக் கட்டை தேடுகிறோம் என்று வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆகிய மூன்று துறைகளையும் சேர்ந்தவர்கள் அந்த ஊருக்குள் புகுந்தார்கள். வீடுகள் உடைக்கப்பட்டன, மக்கள் அடிக்கப்பட்டார்கள், 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். பெண்களும் குழந்தைகளும் உட்படப் பலர் அரூர் வனத்துறை அலுவலகத்தில் அடைத்து வைக்கப்பட்டு, பின்பு சேலம் சிறைக்கு அனுப்பப்பட்டார்கள்.

அந்த ஊரிலும் கேமரா இல்லை, வனத்துறை அலுவலகத்திலும் இல்லை. நடந்ததை அதிகாரிகள் தரப்பு மறுத்தது. எழுத்து, முத்திரை, கோப்பு எல்லாம் அதிகாரிகள் கையில் இருந்தன. ஊர் மக்களிடம் இருந்தது நினைவு மட்டும்தான்.

தமிழ்நாடு மலைவாழ் மக்கள் சங்கமும் மார்க்சிஸ்ட் கட்சியும் பிரச்சினையை வெளியே கொண்டுவந்தன. உயர் நீதிமன்ற உத்தரவின்படி வழக்கு சி.பி.ஐ. கைக்குப் போனது. பாதிக்கப்பட்ட பெண்கள் அடையாள அணிவகுப்பில் குற்றவாளிகளை நேருக்கு நேர் நின்று அடையாளம் காட்டினார்கள். குற்றம் சாட்டப்பட்டவர்கள் 269 பேர். வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே அவர்களில் 54 பேர் இறந்துவிட்டார்கள். 2011 செப்டம்பர் 29 அன்று தருமபுரி நீதிமன்றம் மீதமிருந்த 215 பேரும் குற்றவாளிகள் என்று தீர்ப்பளித்தது. சரியாக 12 ஆண்டுகள் கழித்து, 2023 செப்டம்பர் 29 அன்று சென்னை உயர் நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை உறுதி செய்தது.

முதல் தீர்ப்புக்கே 19 ஆண்டுகள்! அத்தனை ஆண்டுகளும் அந்தப் பெண்கள் தங்கள் நினைவையே சாட்சியாகச் சுமந்தார்கள். "ஒரு கேமரா இருந்திருந்தால்?" என்று கேட்கத் தோன்றும். அதற்கான பதில் 28 ஆண்டுகள் கழித்து வேறொரு ஊரில் கிடைத்தது. அதற்கு முன்பு கேமரா வந்த கதையைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம்.

மூடிய சுற்று திறந்த கதை

சி.சி.டி.வி. என்பதன் பொருள் மூடிய சுற்றுத் தொலைக்காட்சி. கேமராவில் இருந்து கிளம்பும் படம் கம்பி வழியாகக் குறிப்பிட்ட திரைகளுக்கு மட்டும் போகும். இரண்டாம் உலகப் போரின்போது, 1942-ல், ஜெர்மனியின் பீனமுண்டே என்ற இடத்தில் ராக்கெட் ஏவுவதைத் தூரத்தில் பாதுகாப்பாக இருந்து பார்க்க இதைப் பயன்படுத்தினார்கள். பொறியாளர் வால்டர் புரூக் அதில் முக்கியமானவர்.

ஆரம்பத்தில் பதிவு என்பதே இல்லை. திரைக்கு முன்னால் ஆள் உட்கார்ந்திருந்தால்தான் பயன். 1950-களில் வீடியோ டேப் வந்த பிறகுதான் நடந்ததைப் பிறகு போட்டுப் பார்க்க முடிந்தது. நியூயார்க்கில் மேரி வான் பிரிட்டன் பிரவுன் என்ற நர்ஸ், போலீஸ் வர நேரமாகிறது என்பதால் வீட்டுக் கதவுக்குக் கேமரா வைக்கும் முறையைக் கணவரோடு சேர்ந்து உருவாக்கினார். 1969-ல் அதற்குக் காப்புரிமை கிடைத்தது.

அடுத்த மாற்றம் 1996-ல் வந்தது. சுவீடன் நாட்டின் ஆக்சிஸ் நிறுவனம் கம்ப்யூட்டர் நெட்வொர்க்கில் நேரடியாக இணைக்கும் கேமராவை விற்பனைக்குக் கொண்டுவந்தது. டேப்புக்குப் பதிலாக ஹார்டு டிஸ்க் வந்தது. பிறகு இன்டர்நெட் வேகம் கூடியதும், பதிவைத் தூரத்து சர்வர்களில் வைக்கும் 'கிளவுட்' முறை வந்தது. மூடிய சுற்று இப்படித்தான் திறந்த சுற்றாக மாறியது.

சாத்தான்குளம்: கேமரா இருந்த நாள்

2020 ஜூன் 19 அன்று, கொரோனா ஊரடங்குக் காலத்தில், தூத்துக்குடி மாவட்டம் சாத்தான்குளத்தில் கடை வைத்திருந்த ஜெயராஜையும் அவர் மகன் பென்னிக்ஸையும் போலீசார் காவல் நிலையத்துக்குக் கொண்டுபோனார்கள். ஜூன் 22 அன்று மகனும், மறுநாள் தந்தையும் இறந்தார்கள்.

மதுரை உயர் நீதிமன்றக் கிளை தானாக முன்வந்து வழக்கைக் கையில் எடுத்தது. கோவில்பட்டி நீதித்துறை நடுவர் காவல் நிலையத்துக்கே நேரில் போய் விசாரித்தார். அங்கே கேமராக்கள் இருந்தன. 1 டெராபைட் கொள்ளளவுள்ள ஹார்டு டிஸ்க்கும் இருந்தது. ஆனால் ஜூன் 19-ஆம் தேதிப் பதிவு இல்லை! தினமும் பதிவு தானாகவே அழிந்துபோகும்படி செட்டிங் வைக்கப்பட்டிருந்தது என்று நடுவர் உயர் நீதிமன்றத்துக்கு அறிக்கை கொடுத்தார்.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு கேமரா வினாடிக்கு 2 மெகாபிட் வீதம் இடைவிடாமல் பதிவு செய்தால் ஒரு நாளைக்கு 21.6 ஜி.பி. ஆகும். 1 டெராபைட்டில் ஒரு கேமராவின் 46 நாள் பதிவை வைக்கலாம். அதே வேகத்தில் பத்து கேமராக்கள் ஓடினாலும் நான்கு நாளுக்கு மேல் இருக்கும். இடம் போதவில்லை என்பதற்காகத் தினமும் அழிக்க வேண்டிய அவசியமே இல்லை.

பிறகு நடந்தது வாச்சாத்தியை நினைவூட்டுகிறது. அன்று இரவு பணியில் இருந்த ஒரு பெண் தலைமைக் காவலர் பயத்தையும் மீறி, தான் கண்டதை நடுவரிடம் சொன்னார். காவல் நிலையத்தையே வருவாய்த்துறையின் கட்டுப்பாட்டில் வைக்கும்படி நீதிமன்றம் உத்தரவிட்டது. காவலர்கள் கைதானார்கள், பிறகு வழக்கு சி.பி.ஐ.க்குப் போனது. கேமரா இருந்தும், உண்மையைச் சொல்ல மறுபடியும் ஒரு பெண்ணின் வாய்தான் தேவைப்பட்டது.

எப்படிப் பொருத்துவது? உச்ச நீதிமன்றம் சொன்னது

சிறைகளில் கேமரா வைக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2015-லேயே டி.கே. பாசு வழக்கில் சொல்லியிருந்தது. 2020 டிசம்பர் 2 அன்று, பரம்வீர் சிங் சைனி வழக்கில், கேமராவை எப்படிப் பொருத்த வேண்டும் என்பதையும் விவரமாகச் சொன்னது. நீதிபதி நாரிமன் தலைமையிலான அமர்வின் அந்தத் தீர்ப்பில் உள்ள முக்கியமான அம்சங்கள் இவை:

* நுழைவாயில், வெளியேறும் வழி, லாக்-அப், நடைவழி, வரவேற்பறை, இன்ஸ்பெக்டர் அறை, சப்-இன்ஸ்பெக்டர் அறை, வராண்டா, பின்பக்கம் என்று எந்தப் பகுதியும் விடுபடக் கூடாது. கழிப்பறைக்கு வெளியே கேமரா வேண்டும், உள்ளே கூடாது.
* இருட்டிலும் படம் தெரிய வேண்டும். படத்தோடு ஒலியும் பதிவாக வேண்டும்.
* பதிவை 18 மாதம் வைத்திருக்க வேண்டும். அதற்கான கருவி சந்தையில் கிடைக்காவிட்டாலும் ஓராண்டுக்குக் குறையக் கூடாது.
* மின்சாரமும் இன்டர்நெட்டும் இல்லாத இடங்களில் சூரிய சக்தியோ காற்றாலையோ கொண்டு மின்சாரம் தர வேண்டும்.
* கருவி பழுதானால் மேலே தெரிவிப்பது நிலைய அதிகாரியின் பொறுப்பு. மாநில அளவிலும் மாவட்ட அளவிலும் கண்காணிப்புக் குழுக்கள் இருக்க வேண்டும்.

18 மாதம் என்று எழுதுவது எளிது, செய்வது எளிதல்ல. 16 கேமராக்கள் மேலே சொன்ன வேகத்தில் ஓடினால் 18 மாதத்துக்கு ஏறக்குறைய 190 டெராபைட் இடம் வேண்டும். சிக்கனமான பதிவு முறையைப் பயன்படுத்தினால் இதைப் பாதியாகக் குறைக்க முடியும், அப்போதும் அது பெரிய அளவுதான். சாதாரணமாகக் கடைகளில் வைக்கும் கருவி, டிஸ்க் நிறைந்ததும் பழைய பதிவின் மேலேயே புதியதை எழுதிவிடும். யாரும் அழிக்காமலே சாட்சி அழிந்துபோகும்!

எழுதிய தீர்ப்பு நடைமுறைக்கு வருவதும் எளிதாக இல்லை. ராஜஸ்தானில் நடந்த காவல் மரணங்கள் பற்றிய பத்திரிகைச் செய்தியைப் பார்த்து, காவல் நிலையங்களில் கேமராக்கள் வேலை செய்யாதது குறித்து உச்ச நீதிமன்றம் 2025 செப்டம்பரில் தானாகவே மறுபடியும் வழக்கு எடுத்துக்கொண்டது.

கிளவுடில் வைத்தால் போதுமா?

அப்படியானால் பதிவை உடனுக்குடன் கிளவுடுக்கு அனுப்பிவிட்டால் என்ன? நல்ல யோசனைதான். அந்தக் கட்டடத்தில் இருப்பவர்கள் டிஸ்க்கை உடைத்தாலும், செட்டிங்கை மாற்றினாலும் அதற்கு முன் போய்ச் சேர்ந்த பதிவு வேறு இடத்தில் இருக்கும். நடுகல் ஊர்ப் பொதுவில் நின்றதைப் போல.

ஆனால் இதிலும் சிக்கல்கள் உண்டு. முதலாவது, இன்டர்நெட். 16 கேமராக்களுக்கு வினாடிக்கு 32 மெகாபிட் வீதம் இரவு பகலாக அனுப்பிக்கொண்டே இருக்க வேண்டும். மலையடிவாரத்துக் கிராமங்களில் அதை எதிர்பார்க்க முடியாது. அதனால் அங்கேயே ஒரு டிஸ்க்கில் எழுதி, இணைப்பு கிடைக்கும்போது கிளவுடுக்கு அனுப்பும் இரட்டை முறைதான் பொருந்தும். கரண்ட் போனாலும் ஓட யு.பி.எஸ். வேண்டும். எல்லாக் கருவிகளிலும் கடிகாரம் ஒன்றாக ஓட வேண்டும், இல்லாவிட்டால் பதிவில் உள்ள நேரம் நீதிமன்றத்தில் கேள்விக்குள்ளாகும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாக்ஷ்ய அதிநியம் 63-ஆம் பிரிவின்படி மின்னணுப் பதிவோடு சான்றிதழும் வேண்டும். பதிவு மாற்றப்படவில்லை என்று காட்டும் 'ஹாஷ்' எண்ணையும் அதில் குறிப்பிட வேண்டும்.

இரண்டாவது, சாவி. பெட்டியோடு வந்த பாஸ்வேர்டை மாற்றாமல் விட்ட கேமராக்களையும் ரவுட்டர்களையும் கைப்பற்றித்தான் 2016-ல் 'மிராய்' என்ற வைரஸ் இன்டர்நெட்டின் ஒரு பகுதியையே முடக்கியது. 2021 மார்ச்சில் அமெரிக்காவின் வெர்காடா என்ற கிளவுட் கேமரா நிறுவனத்துக்குள் வெளியாட்கள் புகுந்தபோது, மருத்துவமனை, சிறை, பள்ளி என்று சுமார் 1,50,000 கேமராக்களின் காட்சி அவர்களுக்குத் திறந்துகொண்டது. எல்லாப் பதிவும் ஓரிடத்தில் இருந்தால், ஒரு சாவி தொலைந்தாலே எல்லாக் கதவும் திறந்துவிடும். இந்தியாவிலும் 2025 ஏப்ரல் முதல், பாதுகாப்புச் சோதனையில் தேறிய கேமராக்களை மட்டுமே விற்கலாம் என்ற விதி நடைமுறைக்கு வந்திருக்கிறது.

மூன்றாவதுதான் எல்லாவற்றிலும் பெரியது. கிளவுட் என்பது வானத்தில் இல்லை, யாரோ ஒருவருடைய கம்ப்யூட்டர்தான் அது. அதன் நிர்வாகி பாஸ்வேர்டும் அதே காவல் நிலையத்தில் இருந்தால், மேசையடியில் டிஸ்க் இருப்பதற்கும் கிளவுடில் இருப்பதற்கும் ஒரு வித்தியாசமும் கிடையாது. அழிக்கும் உரிமை ஒருவரிடமும், பார்க்கும் உரிமை வேறொருவரிடமும், யார் எப்போது திறந்தார்கள் என்ற குறிப்பு மூன்றாவது ஒருவரிடமும் இருக்க வேண்டும். பாதிக்கப்பட்டவர் கேட்டால் பதிவு அவருக்குக் கிடைக்கவும் வழி வேண்டும்.

முடிவாக

கேமரா பொருத்துவதை எலக்ட்ரீசியன் வேலை என்று நினைப்பது வழக்கம். கம்பி இழுப்பது, ஸ்டாண்டு மாட்டுவது, கோணம் சரிபார்ப்பது எல்லாம் அரை நாள் வேலைதான். அதற்குப் பிறகு செட்டிங் பக்கத்தில் 'எத்தனை நாள்?', 'யாருக்கு அனுமதி?' என்று இரண்டு கட்டங்கள் வரும். சாத்தான்குளத்தில் ஜூன் 19-ஆம் தேதி இரவின் பதிவு இல்லாமல் போனதற்குக் காரணம் அப்படிப்பட்ட ஒரு கட்டம்தான்.

உங்கள் பள்ளியிலோ கல்லூரியிலோ தெருவிலோ புதிதாகக் கேமரா வைத்தால், "எத்தனை கேமரா?" என்று கேட்பதோடு நிறுத்திவிடாதீர்கள். பதிவு எத்தனை நாள் இருக்கும், எங்கே இருக்கும், அழிக்கும் சாவி யாரிடம் இருக்கிறது என்பதையும் கேளுங்கள். வாச்சாத்திப் பெண்கள் 19 ஆண்டுகள் தங்கள் நினைவில் காத்த சாட்சியை, ஒரு ஹார்டு டிஸ்க் ஒரு நாள்கூடக் காக்கவில்லை என்பதை மறக்காமல் கேளுங்கள்.